முதல் கார் பந்தயம்: கராஜிலிருந்து கட்டக் கொடி வரை

முதல் பந்தயத்தில் உங்களுக்கு இருப்பது ஒரே வேலை. கடைசிச் சுற்று முடியும்போது உங்கள் கார் தன் நான்கு சக்கரங்களில் ஓடி, கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடியைத் தாண்ட வேண்டும். எத்தனையாவது இடம் என்ற கேள்வி இரண்டாவது, மூன்றாவது பந்தயத்துக்கு உரியது. முழு ஓட்டத்தையும் ஓடி முடித்தவர் திரும்பும்போது நிறையக் கற்றுக்கொண்டிருப்பார். முதல் வளைவில் மோதியவர் பழுது பார்க்கும் செலவோடு திரும்புவார்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதியவரின் பந்தயம் பெரும்பாலும் ஓடுதளத்தில் கெடுவதில்லை. அதற்கு முந்தைய வாரத்தில், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கராஜில் விட்டுவைத்த வேலையில்தான் கெடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி காரை நிறுத்திவைத்துச் செய்யும் வேலைகளைப் பற்றியது.

எந்தப் பிரிவு, எந்தக் கார்

வேகம் குறைந்த, மாற்றங்கள் அதிகம் அனுமதிக்காத பிரிவில் தொடங்குங்கள். குறைந்த சக்தியுள்ள காரில் பிரேக், வளைவு, வளைவில் கார் போக வேண்டிய கோடு ஆகியவற்றை நிதானமாகக் கற்கலாம். 300 குதிரைத்திறன் காரில் உங்கள் தவறுகளை எஞ்சின் மறைத்துவிடும். அது மறைக்க முடியாத தவறு வரும்போது வேகமும் அதிகமாக இருக்கும்.

கார் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று தயங்கினால், முதல் பந்தயத்துக்கு வாடகைதான் நல்லது. பரிசோதனை, டயர், பெட்ரோல் எல்லாவற்றையும் அந்த அணி பார்த்துக்கொள்ளும், நீங்கள் ஓட்டுவதில் மட்டும் கவனம் வைக்கலாம். ஒப்பந்தத்தில், கார் சேதமானால் உங்கள் பங்கு எவ்வளவு, அதற்கு மேல்வரம்பு உண்டா, எஞ்சினை அளவுக்கு மேல் சுழற்றிக் கெடுத்தால் யார் பொறுப்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். சொந்தக் கார் என்றால், அது முழுதாகப் போனாலும் உங்கள் குடும்பச் செலவு பாதிக்காத காராக இருக்கட்டும். சாலைக்கான சாதாரண இன்சூரன்ஸ் பொதுவாகப் பந்தயத்தில் நேரும் சேதத்துக்குப் பணம் தராது.

பதிவு செய்வதற்கு முன், போட்டி இல்லாத பயிற்சி நாட்களில் இரண்டு மூன்று முறையாவது அதே ஓடுதளத்தில் ஓட்டிப் பாருங்கள். வளைவுகள் மனப்பாடம் ஆகாத நிலையில் பக்கத்தில் இருபது கார்களையும் கவனிப்பது யாராலும் ஆகாத காரியம்.

விதிப்புத்தகம்

அலுப்பான வேலைதான், ஆனாலும் இரண்டு முறை படியுங்கள். முதல் முறை பொதுவாக. இரண்டாம் முறை காருக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியையும் கார்மேல் வைத்துச் சரிபாருங்கள். உரிமம், மருத்துவச் சான்று, குறைந்தபட்ச எடை, அனுமதிக்கப்பட்ட டயர், எண் ஸ்டிக்கரின் அளவு, இழுவைக் கொக்கி, தீயணைப்பான், இவற்றில் ஏதாவது ஒன்றில் தவறினால் காரைக் களத்துக்கே விடமாட்டார்கள். எடையில் ஒரு சிக்கல் உண்டு. பல பிரிவுகளில் ஓட்டுநரையும் சேர்த்து, பந்தயம் முடிந்த நிலையில் எடை போடுவார்கள். தொட்டி நிறைய பெட்ரோல் இருக்கும்போது எடை சரியாக இருந்தது என்று நம்பி ஏமாறாதீர்கள்.

உடலில் போடுவது

ஹெல்மெட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கார் பந்தயத்துக்கு ஆகாது. ஹெல்மெட்டுகளைச் சோதித்துத் தரம் தரும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ வகை ஹெல்மெட்டின் உள்துணி தீயை எதிர்க்க வேண்டும், கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டின் குழாயில் தலை மோதுவதைப் போன்ற சோதனையிலும் அது தேற வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான எம் வகைக்கு இந்த இரண்டு சோதனையும் இல்லை. எஸ்ஏ2015, எஸ்ஏ2020 என ஐந்தாண்டுக்கு ஒருமுறை தரம் புதுப்பிக்கப்படும். விதிப்புத்தகம் எந்த ஆண்டு வரை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். போட்டுப் பார்க்கும்போது வாரைக் கட்டி, ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். கன்னத்தின் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் பெரிதாக இருக்கிறது என்று பொருள். ஒருமுறை கான்கிரீட் தரையில் கைதவறி விழுந்த ஹெல்மெட்டுக்கு வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கலாம்.

கழுத்துக் காப்பான ஹான்ஸ் கருவியை விதி கட்டாயமாக்காவிட்டாலும் போடுங்கள். பெல்ட் உடலை இறுகப் பிடித்திருக்கும்போது மோதினால், கழுத்தும் தலையும் மட்டும் முன்னால் பாயும். அந்த இழுப்பில் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து இறந்த ஓட்டுநர்கள் பலர். 1980-களில் ராபர்ட் ஹப்பார்டு என்ற உயிர் இயக்கவியல் பேராசிரியர், பந்தய ஓட்டுநரான தன் மைத்துனர் ஜிம் டௌனிங்குடன் சேர்ந்து இதை உருவாக்கினார். ஃபார்முலா ஒன் 2003-இல் இதைக் கட்டாயமாக்கியது.

உடுப்பு, கையுறை, காலணி, முகமூடி எல்லாம் தீ எதிர்க்கும் துணியில், விதி கேட்கும் எஃப்ஐஏ அல்லது எஸ்எஃப்ஐ என்ற தர அமைப்பின் முத்திரையோடு இருக்க வேண்டும். உள்ளாடையில்தான் பலர் தவறுகிறார்கள். நைலான், பாலியஸ்டர் பனியன்கள் சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீ எதிர்க்கும் உள்ளாடை இல்லாவிட்டால் குறைந்தது முழுப் பருத்தியாவது போடுங்கள்.

இருக்கையும் பெல்ட்டும்

முதுகு இருக்கையோடு ஒட்டியிருக்க, கையை நேராக நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் விழ வேண்டும். பிரேக்கை முழுதாக அழுத்தியபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டிருந்தால் முழுப் பலத்தோடு மிதிக்க முடியாது, முன்புற மோதலில் எலும்பும் தாங்காது. இந்த அளவுகளை ஹெல்மெட்டும் பந்தயக் காலணியும் போட்டுக்கொண்டு எடுங்கள். வீட்டுச் செருப்போடு சரியாக அமைத்த இருக்கை பந்தய நாளில் ஒத்துவராது.

பெல்ட் கட்டுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் இடுப்புப் பட்டையை வயிற்றில் அல்லாமல் இடுப்பெலும்பின்மீது, தாழ்வாகப் போட்டு முடிந்த மட்டும் இறுக்குங்கள். பிறகு கால்களுக்கு இடையில் வரும் பட்டை. கடைசியாகத் தோள். தோளை முதலில் இழுத்தால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும், மோதும்போது குடலில் அழுத்தும். ஹான்ஸ் போட்டிருந்தால் தோள் பட்டைகள் தோளிலிருந்து பின்னோக்கிக் கிடைமட்டமாகவோ, 20 டிகிரி வரை கீழ்நோக்கியோ போக வேண்டும். அதற்கு மேல் சரிந்தால் மோதலில் முதுகெலும்பை நசுக்கும். எந்தப் பட்டையும் முறுக்கிக்கொள்ளக் கூடாது. லேபிளில் உள்ள காலாவதித் தேதியையும் பாருங்கள். வெயிலில் நைந்த பட்டையின் பலக்குறைவு கண்ணுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி காரிலிருந்து வெளியே வரப் பழகுங்கள். புகையில் எதுவும் தெரியாது. பக்கிள், ஸ்டீயரிங் பூட்டு, கதவுக் கைப்பிடி என்ற வரிசை கைக்குத் தானாக வரும்வரை பத்து முறையாவது செய்யுங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தானும் தீயணைப்பானும் பெல்ட் கட்டிய நிலையில் கைக்கு எட்டுகின்றனவா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

பிரேக்: இங்கே நேரம் செலவழியுங்கள்

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது அது இழக்கும் ஆற்றல் சுமார் 740 கிலோ ஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். அத்தனை சூடும் சில நொடிகளில், பெரும்பாலும் முன் டிஸ்க்குகளில் இறங்குகிறது. ஒரு சுற்றில் இப்படி நான்கைந்து முறை. சாலையில் நன்றாக நிற்கும் கார் மூன்றாவது சுற்றில் நிற்காமல் போவது இதனால்தான்.

பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும், திரவம்போல் அல்லாமல் ஆவி அழுந்தும், பெடல் பஞ்சுபோல் கீழே போகும். எனவே பந்தயத்துக்கு முந்தைய வாரம், மூடி திறக்காத புதிய பந்தயத் திரவத்தால் முழுவதையும் மாற்றுங்கள். புதிதாக 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள வகைகள் கிடைக்கின்றன. ஒரு காருக்கு ஒரு லிட்டர் தாராளமாகப் போதும். எந்தச் சக்கரத்திலிருந்து தொடங்கிக் குழாயிலுள்ள காற்றை எடுப்பது என்பதைக் காரின் கையேடு சொல்லும் வரிசைப்படி செய்யுங்கள். சிலிக்கோனால் ஆன டாட் 5 திரவத்தை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. பெயரில் நெருக்கம் இருந்தாலும் டாட் 5.1 வேறு வகை.

திரவத்தை மாற்றியபின் பெடலைப் பலமாக அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். மெதுவாக இறங்கினால் எங்கோ கசிகிறது, இல்லையேல் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பிரேக் ஹோஸ் டயரிலோ கம்பியிலோ உரசுகிறதா என்று பாருங்கள்.

டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடு பந்தயத்துக்கானதாக இருக்க வேண்டும். சாலைப் பேடுகள் சூடேறினால் பிடியை இழந்துவிடும். புதிய பேடு போட்டால் அதைப் பதப்படுத்தாமல் களமிறங்காதீர்கள். தயாரித்தவர் சொன்ன முறை கையில் இருந்தால் அதுதான் சரி. பொதுவான முறை இது: ஆளில்லாத பாதுகாப்பான இடத்தில் 100 கி.மீ. வேகத்திலிருந்து 30-க்கு எட்டுப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தோடு இறக்குங்கள், நடுவில் முழுதாக நிறுத்தாதீர்கள். பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பேடை டிஸ்க்கின் ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தினால் அங்கே ஒரு படிவம் ஒட்டும், அதன்பின் பெடல் அதிரும். ஓட்டம் முடிந்து, ஓடுதளத்தை ஒட்டிக் காரைக் கவனிக்கும் இடமான பிட்டுக்கு வந்ததும் கைப்பிரேக்கைப் போடக் கூடாது என்பதற்கும் இதே காரணம். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பாதி தேய்ந்த பேடோடு பந்தயத்துக்குப் போகாதீர்கள். பேடு மெலிந்தால் சூடு நேரே பேடைத் தாங்கும் காலிப்பருக்கும் திரவத்துக்கும் ஏறும். டிஸ்க்கின் பரப்பில் மயிரிழைக் கோடுகள் வருவது இயல்பு. ஒரு கோடு விளிம்பைத் தொட்டுவிட்டால் அந்த டிஸ்க்கை எடுத்துவிடுங்கள்.

டயரும் சக்கர நட்டும்

டயருக்குள் காற்று 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். காலையில் 32 வைத்துவிட்டுப் போனால், ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு 38, 40-ஐத் தொடும், டயர் நடுவில் புடைத்து வழுக்கும். சூடான அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அதே காரும் டயரும் ஓட்டுகிறவர்களிடம் அந்த எண்ணைக் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். பயிற்சி ஓட்டம் முடிந்து பிட்டில் நின்றவுடன், ஆறுவதற்குள், நான்கையும் அளந்து குறித்துக்கொண்டு, கூடுதல் காற்றை அந்த எண் வரும்வரை விடுங்கள். ஒரே பக்கமாக அதிகம் திரும்பும் ஓடுதளத்தில் நான்கு டயரும் நான்கு எண் காட்டும். மறுநாள் காலை அதே டயர்கள் ஆறி அழுத்தம் குறைந்திருக்கும். பதறிப் போய்க் காற்றை நிரப்பாதீர்கள்.

சக்கர நட்டை டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்காதீர்கள். பல சிறிய, நடுத்தரக் கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை வரும். உங்கள் காரின் எண் கையேட்டில் இருக்கும். குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு தவணையில் இறுக்குங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு சக்கரம் ஆறியதும் மறுபடி சரிபாருங்கள். அப்போது ஒரு நட் கால் சுற்றுக்கு மேல் திரும்பினால் இறுக்கிவிட்டு விட்டுவிடாதீர்கள். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே பெயிண்டோ துருவோ இருக்கலாம், ஸ்டட் நீண்டிருக்கலாம். கழற்றிப் பாருங்கள்.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லேசாக ஆடினாலும் பேரிங் அல்லது பந்து மூட்டு தேய்ந்திருக்கிறது. சாலையில் ஒரு வருடம் தாங்கக்கூடிய பேரிங் பந்தயத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது.

எண்ணெய், தண்ணீர், பெட்ரோல், மின்சாரம்

எஞ்சின் எண்ணெய் மேல்கோட்டில் நிற்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிராங்க் அடித்து நுரையாக்கும். குறைந்தால் நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். வளைவில் எண்ணெய் விளக்கு ஒரு கணம் மின்னினாலும் அந்தச் சுற்றிலேயே உள்ளே வந்துவிடுங்கள்.

ரேடியேட்டரில் கிளைகால் கலந்த கூலன்ட் இருந்தால் அதை வடித்துவிட்டுத் தண்ணீரும் அரிப்புத் தடுப்பானும் மட்டும் ஊற்றும்படி பல போட்டிகள் கேட்கும். கிளைகால் தரையில் சிந்தினால் எளிதில் காயாது, பின்னால் வருபவர் வழுக்கிப் போவார்.

பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக இழுங்கள், அசையக் கூடாது. நேர்முனைக்கு ரப்பர் மூடி வேண்டும். ஆக்சிலரேட்டரை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பானெட்டுக்குள் பார்த்து, முழுதாகத் திறந்து டக்கென்று மூடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். மிதியடி, ஜாக்கி, உதிரிச் சக்கரம், கதவுப் பையில் கிடக்கும் பேனா வரை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு போகும் ஒரு தண்ணீர் பாட்டில் எல்லா வேலையையும் வீணாக்கிவிடும்.

பெட்ரோலைக் கணக்குப் போட்டு ஊற்றுங்கள். பயிற்சியில் தொட்டியை நிரப்பி, பத்துச் சுற்று முழு வேகத்தில் ஓடி, மறுபடி நிரப்பினால் செலவு தெரியும். உதாரணமாக 12 லிட்டர் பிடித்தால் சுற்றுக்கு 1.2 லிட்டர். பந்தயம் 14 சுற்று, அதோடு முன்னும் பின்னுமாக மெதுவான இரண்டு சுற்று, ஆக 16 சுற்றுக்கு 19.2 லிட்டர். அதோடு மூன்று லிட்டர் கைக்காவல். இதற்கும் மேல், தொட்டியின் அடியில் பம்ப் உறிஞ்சாத அளவையும் சேருங்கள். பல சாலைக் கார்களில் தொட்டி கால்வாசிக்குக் கீழே போனால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி எஞ்சின் திக்கும்.

ஒத்திகையும் உதிரிகளும்

இவை எல்லாம் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே முடிந்து, கார் ஒருமுறை முழு வேகத்தில் அரைமணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். அந்த ஒத்திகைக்குப் பிறகு புதிதாக எதையும் மாட்டாதீர்கள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. முந்தைய இரவு மாட்டிய சஸ்பென்ஷனின் தளர்ந்த போல்ட், பந்தயத்தின் நடுவில்தான் தன்னைக் காட்டும்.

கொண்டுபோக வேண்டியவை: ஜாக்கி, இரண்டு தாங்கிகள், டார்க் ரெஞ்ச், டயர் அழுத்தமானி, காற்றடிக்கும் பம்ப், ஒரு லிட்டர் பிரேக் திரவம், நான்கு லிட்டர் எஞ்சின் எண்ணெய், ஒரு செட் முன் பேடு, நான்கைந்து சக்கர நட்டும் ஸ்டட்டும், எஞ்சின் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸும் கிளிப்பும், ஃபியூஸ், வயர், பிளாஸ்டிக் கட்டுப்பட்டை, அகலமான ஒட்டுத் துணி டேப். இவற்றைவிடப் பெரிய உதவி ஒரு ஆள். காரைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும், நேரத்தைப் பார்த்து உங்களைக் கூப்பிடவும், காற்றழுத்தத்தை எழுதிக்கொள்ளவும், தண்ணீர் தரவும் ஒருவர் கூட வரட்டும்.

பந்தய நாள் காலை

அதிகாலையிலேயே போய்விடுங்கள். வரிசை இப்படி இருக்கும்: பதிவு, தொழில்நுட்பப் பரிசோதனை, ஓட்டுநர் கூட்டம், பயிற்சி, தொடங்கும் இடத்தை முடிவு செய்யும் தகுதிச் சுற்று, பந்தயம். பரிசோதகரிடம் போகும்போது ஹெல்மெட், உடுப்பு எல்லாம் முத்திரை வெளியே தெரியும்படி இருக்கையில் அடுக்கியிருக்கட்டும். அவர் ஒரு குறையைச் சொன்னால் வாதாடாமல் எழுதிக்கொண்டு சரிசெய்து வாருங்கள். புதியவர் என்று சொன்னால் பொறுமையாக விளக்குகிறவர்கள்தான் அவர்கள்.

ஓட்டுநர் கூட்டத்தில் ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடக் கூடாது. ஸ்டார்ட் எப்படி, எந்த இடத்திலிருந்து முந்தலாம், பிட்டுக்குள் எவ்வளவு வேகம், பந்தயத்தைப் பாதியில் நிறுத்தினால் எங்கே நிற்பது ஆகிய நான்குக்கும் பதில் தெரியாமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள்.

முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடித்து வாருங்கள். மூடிய உடுப்புக்குள் வியர்வை கொட்டும், தாகம் தெரியும் முன்பே கவனம் சிதறத் தொடங்கும்.

கொடிகள்

ஓட்டத்தில் உங்களோடு பேசுவது, ஓடுதள ஓரத்தில் காவல் நிற்கும் மார்ஷல்களின் கொடி மட்டும்தான். முதல் பயிற்சிச் சுற்றில் வேகத்தை மறந்துவிட்டு, ஒவ்வொரு கொடி நிலையமும் எங்கே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே போங்கள்.

மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து: வேகத்தைக் குறையுங்கள், முந்தக் கூடாது. இரண்டு மஞ்சள் ஆடினால் பாதை அடைபட்டிருக்கலாம், ஆட்கள் ஓடுதளத்தில் நிற்கலாம். நிறுத்தவும் தயாராக வாருங்கள். பச்சை தெரியும்வரை இது நீடிக்கும். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் எண்ணெயோ தண்ணீரோ சிந்தி வழுக்குகிறது. நீலம், வேகமான கார் உங்களைச் சுற்றுக் கணக்கில் முந்த வருகிறது. சிவப்பு, ஓட்டம் நிறுத்தப்பட்டது; மெதுவாக, சொன்ன இடத்துக்குப் போங்கள். கறுப்புக் கொடியோடு உங்கள் எண் தெரிந்தால் பிட்டுக்கு வந்து அதிகாரியைப் பாருங்கள். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உங்கள் காரில் ஏதோ கழன்றோ ஒழுகியோ இருக்கிறது. அவர்கள் பார்ப்பது உங்களுக்குத் தெரியாது, நம்பி உள்ளே வாருங்கள். வெள்ளை பொதுவாக முன்னால் மெதுவான வண்டி என்று பொருள்படும். சில அமைப்புகள் அதைக் கடைசிச் சுற்றுக்குக் காட்டும். ஓட்டுநர் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியும் தகுதிச் சுற்றும்

டயரின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதை பிரேக்குக்குக் கொஞ்சம், திருப்பத்துக்குக் கொஞ்சம் என்று பங்கிட வேண்டும். முழுப் பிடிப்பையும் பிரேக்குக்குக் கொடுத்தபடி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் நேராகவே போகும். எனவே ஆரம்பத்தில் பிரேக்கை நேர்கோட்டிலேயே பெருமளவு முடித்துவிட்டு, விட விடத் திருப்புங்கள். வளைவின் உள்விளிம்பை நடுவுக்குச் சற்றுத் தாண்டித் தொட்டால், வெளியேறும்போது ஸ்டீயரிங்கைச் சீக்கிரம் நேராக்கி ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கலாம். நீண்ட நேர்ப்பாதைக்கு முந்தைய வளைவை மற்றவற்றைவிட அதிகம் கவனியுங்கள். அங்கே வெளியேறும் வேகம் நேர்ப்பாதை முழுவதும் கூட வரும்.

பிரேக் இடத்துக்கு அசையாத அடையாளம் பிடியுங்கள்: தூரப் பலகை, தார் மாறும் கோடு. நிழலையும் நிறுத்தியிருக்கும் வண்டியையும் நம்பக் கூடாது. அந்த இடத்தை ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று மீட்டர் மட்டும் தள்ளிப் போடுங்கள். தகுதிச் சுற்றில் முன்னால் இடைவெளி விட்டு ஓடினால் தடையில்லாத ஒரு நல்ல சுற்று கிடைக்கும். ஒட்டிக்கொண்டு ஓடினால் ஒன்றும் கிடைக்காது.

ஸ்டார்ட்டும் முதல் சுற்றும்

தொடக்க வரிசையான கிரிட்டில் நின்றதும் தோள் பட்டைகளை இன்னொரு முறை இழுத்து இறுக்குங்கள். நின்று கிளம்பும் ஸ்டார்ட் என்றால் முன்பே நான்கைந்து முறை பழகியிருக்க வேண்டும். அதற்கு மேல் பழகினால் கிளட்ச் கருகும். எஞ்சின் நின்றுபோனால் கையை உயர்த்திக் காட்டி, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் தாண்டும்வரை அசையாதீர்கள். ஓடிக்கொண்டே தொடங்கும் ஸ்டார்ட் என்றால் சரியான கியரில், முன் காரைச் சற்று விலகிப் பார்க்கும்படி இருங்கள்.

முதல் வளைவில் நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பந்தயம் முடிந்த மாதிரி. டயரும் பிரேக்கும் சூடேறியிருக்காது, கார்கள் பக்கத்துக்குப் பக்கம் வருவதால் நல்ல கோடு யாருக்கும் கிடைக்காது. முன்வரிசை வழக்கத்தைவிட முன்பே பிரேக் பிடிக்கும், அது வரிசை வரிசையாகப் பின்னால் பெருகி வரும். தகுதிச் சுற்றில் 100 மீட்டர் பலகையில் பிரேக் பிடித்தவர் இங்கே 150-இலேயே தயாராக இருக்க வேண்டும். பார்வையை முன் காரின் பம்பரில் வைக்காமல், அதன் கண்ணாடி வழியே மூன்று நான்கு கார்களுக்கு அப்பால் வையுங்கள். உள்பக்கம் ஓர் இடைவெளி திறந்தாலும் பாயாதீர்கள், அது மூடப்போகும் இடைவெளியாகவே இருக்கும். பதறாத காரியம் சிதறாது. இரண்டு இடம் போனாலும் மூன்றாவது சுற்றுக்குள் முன்னால் யாராவது தவறு செய்து அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மற்றவர்களோடு ஓடுவது

பாதுகாப்பாக முந்தும் பொறுப்பு முந்துகிறவருடையது. உங்கள் முன்சக்கரம் அவர் கதவுக்குப் பக்கத்தில் வரும் முன் வளைவு தொடங்கிவிட்டால் விட்டுக்கொடுங்கள். பக்கத்தில் கார் இருக்கும்போது ஒரு காரின் அகலத்துக்கு இடம் விடுங்கள்.

வேகமான கார் வரும்போது புதியவர் செய்யும் பெரிய தவறு, மரியாதை என்று நினைத்துச் சட்டென்று ஒதுங்குவது. பின்னால் வருபவர் நீங்கள் போகும் கோட்டைக் கணக்கிட்டுத்தான் எந்தப் பக்கம் முந்துவது என்று முடிவு செய்திருப்பார். உங்கள் கோட்டிலேயே போங்கள், நேர்ப்பாதையில் கையால் பக்கத்தைக் காட்டி, ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் போதும். பின்கண்ணாடியை நேர்ப்பாதையில் மட்டும் பாருங்கள். 160 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 44 மீட்டர் ஓடிவிடும்.

தடம் மாறினால்

வெளியேறும்போது இரண்டு சக்கரம் புல்லில் இறங்கினால் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். டயர் மறுபடி தாரைப் பிடித்ததும் கார் எதிர்ப்பக்கச் சுவரை நோக்கிப் பாயும். நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் இறங்கியபின் மேலே ஏறுங்கள்.

கார் சுழன்று கைமீறிவிட்டது என்று தெரிந்த நொடியில் இரண்டு காலும் கீழே: பிரேக்கும் கிளட்ச்சும் முழுதாக. சக்கரம் பூட்டிய கார் ஒரே திசையில் சறுக்கும், வருகிறவர்கள் அதைக் கணித்து விலகுவார்கள். நடுவில் பிரேக்கை விட்டால் கார் பின்னோக்கி உருண்டு ஓடுதளத்தின் குறுக்கே வரும். நின்றபின் மார்ஷலைப் பாருங்கள், அவர் கைகாட்டியபின் கிளம்புங்கள். கிளம்ப முடியாவிட்டால், தீயோ புகையோ இல்லாதவரை பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருங்கள். மோதப்படும் அபாயமுள்ள இடத்தில் காரின் கூண்டைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை. நலமாக இருப்பதைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுங்கள். இறங்கச் சொன்னால் தடுப்புக்குப் பின்னால் போகும்வரை நிற்காமல் நடங்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

கொடி விழுந்த பிறகு

கட்டக் கொடியைத் தாண்டியதும் பிரேக்கைக் குத்தாதீர்கள், பின்னால் இன்னும் பந்தய வேகத்தில் வருகிறார்கள். ஒரு முழுச் சுற்று மெதுவாக, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டினால் டிஸ்க்கும் எஞ்சினும் ஆறும். போகும் வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும் மார்ஷல்களுக்குக் கையசையுங்கள், நாள் முழுக்க வெயிலில் நின்று உங்களைக் காத்தவர்கள் அவர்கள்.

காரை மூடிய வளாகத்தில் நிறுத்தச் சொன்னால், அதிகாரி விடுவிக்கும்வரை பானெட்டைத் திறக்கவோ காற்றைத் தொடவோ கூடாது. பலர் இங்கே அறியாமல் தகுதி இழக்கிறார்கள். விடுவித்தவுடன், நினைவு மங்குவதற்குள், சூடான டயர் அழுத்தம், மிச்சமிருக்கும் பெட்ரோல், சேர்க்க வேண்டியிருந்த எண்ணெய், பேடின் கனம், ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் பிடித்த கியர் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கையும் ஹோஸையும் டிஸ்க்கையும் முதல் நாள் பார்த்த அதே வரிசையில் பார்த்து, பிரேக் திரவத்தில் காற்று எடுத்துவிட்டு, மாற்ற வேண்டியதை அன்றே பட்டியலிடுங்கள்.